பெரட்டுக்குப் போகிறவருக்கு எந்தத் தியானம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் தியானம் என்று பேச்செடுத்தால் மூன்று கட்சி கிளம்பும். மையத்தில் தங்கிப் பேசாமல் தியானம் பழகும் விபாசனா போய் வந்தவர்கள், உடற்பயிற்சியோடு தியானமும் சொல்லித்தரும் மனவளக்கலை வகுப்புக்குப் போகிறவர்கள், "எனக்குப் போனில் இருக்கும் தியான ஆப்பே போதும்" என்பவர்கள். விடியற்காலையில் உட்காருவதுதான் சிறப்பு என்று ஆளாளுக்கு அறிவுரை வேறு. அந்த நேரத்தில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு) கிளம்புகிறவர் எப்படி உட்காருவார்? அதனால் எந்தத் தத்துவம் உசத்தி என்பதை விட்டுவிட்டு, நேரம், லீவு, காசு மூன்றையும் வைத்துப் பார்க்கலாம்.

விபாசனாவுக்குக் குவாந்தான் பக்கம் கம்பாங்கில் மையம் இருக்கிறது. பர்மாவில் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்றுக்கொண்ட கோயங்கா, 1969இல் இந்தியாவில் நடத்தத் தொடங்கிய அதே பத்து நாள் முறைதான் இங்கேயும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, போனை ஒப்படைத்துவிட வேண்டும். கட்டணம் இல்லை, முடித்தவர் விரும்பினால் நன்கொடை தரலாம். ஆழத்தில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஆனால் போகிற நாள், திரும்புகிற நாள் சேர்த்தால் 12 நாள் ஆகிவிடும். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவருக்குச் சட்டம் தரும் வருடாந்தர லீவே 8 நாள்தான். ஐந்து வருஷம் வரைக்கும் 12. பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் திருவிழா என்று அதுவும் கரைந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பலரும் கைவிடுவது அங்கேதான்.

வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் முதலில் உடற்பயிற்சி, பிறகுதான் தவம், அதாவது தியானம். பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டித் தோள் இறுகிப் போனவருக்கு இந்த வரிசை தோதானது. விளக்கமெல்லாம் நம் தமிழில் கிடைக்கிறது. இரண்டு வாரம் முகம் காட்டாவிட்டால் "ஏன்க்கா காணோம்?" என்று யாராவது கேட்பார்கள், வகுப்பு முடிந்து தே தாரிக் குடித்தபடி பேசுகிற பேச்சே பாதி மருந்து என்பேன். குறையும் உண்டு. தீட்சை, அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று ஏறுகிற ஆசையில் சிலர் தினசரி உட்காருவதையே மறந்துவிடுகிறார்கள்.

போன் மலிவு, எந்த நேரமும் கையில் இருக்கும். கண்ணை மூடிய மூன்றாவது நிமிஷம் வாட்ஸ்அப் கூப்பிடும், அவ்வளவுதான்.

உடம்புக்கு எது நல்லது? 2014இல் அமெரிக்காவில் 47 ஆய்வுகளை, அதாவது 3,500 பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்தார்கள். நடப்பதை அந்தந்த நொடியில் கவனிக்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' தியானத்தால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஓரளவு குறைகின்றன என்று தெரிந்தது. உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளை மிஞ்சுகிறது என்பதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. ஆகவே தவத்தை நம்பி கிளினிக்கில் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

என் கணக்கில் தோட்டத்து ஆளுக்கு வகுப்புதான் முதலிடம். அங்கே கற்றுக்கொண்டு, வேலை முடிந்து மதியம் வீடு திரும்பியதும் குளித்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் 15 நிமிஷம் உட்கார்ந்தால் போதும். போனை நேரம் காட்டும் மணியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். விபாசனா, வேலை ஓய்வு பெற்றவர்களுக்கும் பிள்ளைகள் தலையெடுத்த வீட்டினருக்கும் சரிப்படும். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று மையத்தாரே சொல்கிறார்கள்.

ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர் காலையில் வந்ததும் உட்கார்ந்தால் தலை தொங்கிவிடும். அவர் முதலில் தூங்கட்டும். சாயங்காலம் எழுந்து, பஸ் வருவதற்கு முன்னால் உட்காரலாம்.