டிஃபெண்டரா, ஜிம்னியா, பழைய மிட்சுபிஷியா? மலைப்பாதையில் ஓர் அணிக்கு ஏற்ற வண்டிகள்

மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் எங்கள் நட்புப் போட்டியில் ஓர் அணிக்கு மூன்று வண்டிகள். முதல் வண்டி புறப்படும்போது ஓடத் தொடங்கும் கடிகாரம், மூன்றாவது வண்டி கோட்டைத் தாண்டும்போதுதான் நிற்கும். இந்த விதியை மறந்துவிட்டு எது சிறந்த வண்டி என்று வாதாடுவதில் பயனில்லை. தனியாக ஓடி வெல்லும் வண்டியும் அணிக்கு வெற்றி தேடித்தரும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதைந்த வண்டியை எவ்வளவு விரைவில் வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் நேரம் கூடுகிறது, குறைகிறது.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஓட்டுவது இலங்கை மலையகத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டப் பாதைகளில். வெள்ளைக்காரர் காலத்தில் கல் அடுக்கிப் போட்டவை. ஒரு பக்கம் மண் அணை, மறுபக்கம் கான் (மழைநீர் வடிகால்). ஒரு காலத்தில் கொழுந்து லொறி போன பாதைதான், ஆனால் மண் சரிந்து சரிந்து இன்று பாதி அகலம்கூட மிஞ்சவில்லை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் ஆண்டு முடிவில் வடகீழ்ப் பருவமழை. இரண்டு பக்கமும் சிவந்த மண் சோறு போலக் குழைந்து டயரின் பள்ளங்களை அடைத்துவிடும்.

இந்தப் பாதையில் 2018இல் வெளிவந்த சுசூகி ஜிம்னிதான் முதலில் மனதுக்கு வருகிறது. அகலம் 1,645 மில்லிமீட்டர், முன்பின் அச்சுகளுக்கு இடையே 2,250. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110இன் அகலம் 1,790, அச்சிடைத் தூரம் 2,794. அகலத்தில் வித்தியாசம் அரைச் சாணுக்குச் சற்று மேல்தான். ஆனால் கானின் ஓரம் இடிந்து கிடக்கும் இடத்தில் அந்த அரைச் சாண்தான் சக்கரத்தைப் பாதையில் வைத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவை ஜிம்னி ஒரே வீச்சில் திரும்பிவிடுகிறது. டிஃபெண்டர் பின்னால் போய் மீண்டும் முன்னால் வர வேண்டும். ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோதான் என்பதால் மண்ணில் அழுந்துவதும் குறைவு. பிடிப்பின்றிச் சுழலும் சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் வசதியும் அதில் உண்டு.

டிஃபெண்டர்க்காரர்கள் பலர் இங்கே ஒன்றைத் தவறாக எண்ணியிருக்கிறார்கள். அவர்களுடைய ‘டிஃப் லொக்’ முன் அச்சையும் பின் அச்சையும்தான் பிணைக்கிறது; இடது வலது சக்கரங்களை அல்ல. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், லொக் போட்டாலும் வண்டி நகராது.

அப்படியானால் டிஃபெண்டர் எதற்கு? உயரத்துக்கும் இழுவைக்கும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்து சதவீதம் வலு இழக்கும். ஆகவே ஜிம்னியின் 102 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே காற்றோடு போய்விடுகிறது. டிஃபெண்டரின் 300டிடிஐ டீசல் எஞ்சினுக்கு டர்போ உண்டு. வலு 111 குதிரைத்திறன்தான், ஆனால் முறுக்குவிசை 265 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 1,800 சுழற்சியிலேயே கிடைக்கிறது. ஜிம்னி தரும் 130க்கு எஞ்சினை 4,000 வரை அலற விட வேண்டும். ஈரக் கல்லில் நிதானமாக ஊர்ந்து ஏற டிஃபெண்டரின் குணம்தான் உதவுகிறது.

போன முறை எங்கள் டிஃபெண்டரின் பின்சக்கரம் கானில் இறங்கிவிட்டது. இரண்டு ஜிம்னிகளைச் சேர்த்து இழுத்துப் பார்த்தோம். இரண்டு டன் எடை அசையவில்லை. ஜிம்னிகளின் சக்கரங்கள்தான் மண்ணைத் தோண்டின. கடைசியில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தில் அகலப் பட்டியைச் சுற்றிக் கப்பியை மாட்டி, வின்ச் (வண்டியில் பூட்டிய இழுவை உருளை) கம்பியை மடக்கிப் பிடித்த பிறகே மேலே வந்தது. கப்பி இருந்தால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். இருபத்திரண்டு நிமிடங்கள் போயின. அதே நாளில் புதைந்த ஜிம்னி ஒன்றை டிஃபெண்டர் மூன்றே நிமிடத்தில் எடுத்தது. இழுக்கும் பட்டியை வண்டியின் அடிச்சட்டத்தில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். ட்ரெயிலர் கொளுவும் உருண்டையில் மாட்டினால் அது முறிந்து தோட்டாவைப் போலப் பறக்கும். போட்டி ஆர்வத்தில் இதை யாரும் தளர்த்திவிடக் கூடாது.

மூன்றாவது, தோட்டங்களில் பலரும் அறிந்த மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப். 2,659 சிசி டீசல், பட்டை ஸ்பிரிங். மலையகத்தின் எந்தச் சிறு கராஜிலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். எனக்கு அதன் மீது தனி அன்பு உண்டு. அந்த எஞ்சின் சத்தத்தில்தான் வளர்ந்தேன். ஆனாலும் அணியில் அதைச் சேர்க்கத் தயங்குகிறேன். பட்டை ஸ்பிரிங் வளைந்து கொடுக்காததால் சக்கரம் சீக்கிரம் தூக்கிக்கொள்கிறது. பழைய ட்ரம் பிரேக், ஓடையைக் கடந்தவுடன் நனைந்து வழுக்கும். எங்கள் பாதையில் ஓடைக்குப் பின்னே செங்குத்து இறக்கம். வண்டிக்காரரே கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தால் மட்டும் வரட்டும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது; அந்த நிறுத்தம் முதல் மூன்றுமே சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டாதவையாகிவிட்டன. கையில் இருக்கும் வண்டியைக் கொண்டு வருவதுதான் நடைமுறை.

பாதைக்கு எது குறைந்த சேதம் செய்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தோட்ட மேலாளரான பெரிய துரையிடம் அனுமதி வாங்கி ஓட்டினாலும், மறுநாள் காலை அதே வழியில் கொழுந்து மூட்டையோடு பெண்கள் நடந்து வருகிறார்கள். பாரமான வண்டி வெட்டும் தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடுகிறது. ஆகவே எங்கள் சங்கத்தில், டயரின் காற்றழுத்தத்தை 18 இறாத்தலுக்கு (psi) இறக்காத வண்டி புறப்படுவதில்லை. தடத்தை மண்வெட்டியால் மூடிவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம். ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் காடும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இம்முறை எங்கள் அணியில் இரண்டு ஜிம்னிகள், ஒரு டிஃபெண்டர். முதல் ஜிம்னி வழி பார்த்துக்கொண்டு போகும். நடத்துநர்போல ஒருவர் அதற்கு முன்னால் நடந்து ஈரத்தைக் கம்பால் குத்திப் பார்ப்பார். இரண்டாவதாக டிஃபெண்டரை வைத்திருக்கிறோம். முன்னால் போனதையும் பின்னால் வருவதையும் அந்த ஒரு வண்டியால்தான் இழுக்க முடியும். வின்ச் அதன் முன்புறத்தில் மட்டும் இருப்பதால், பின்னால் வரும் ஜிம்னிக்கு நீளமான பட்டி ஒன்றை அதன் பின்கதவருகே சுருட்டி வைத்திருக்கிறோம்.