மண் உண்டியலா, தபால் அலுவலகக் கணக்கா?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. ஏழு வயது மகளுக்கு உண்டியல், பத்து முடிந்த மகனுக்குச் சேமிப்புக் கணக்கு.

சின்னப் பிள்ளைக்கு உண்டியல்தான் சரி. காசு கனக்கும், குலுக்கினால் சத்தம் வரும். போன மாதம் உடைத்தபோது 10 ரூபாய் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினாள். 340 ரூபாய் தேறியது. "அப்பா, இதுக்கு எத்தனை வடா பாவ் வரும்?" என்றாள். இந்தக் கணக்கை எந்தப் பாஸ்புக்கும் சொல்லித் தராது. வட்டி கிடையாது என்பது ஒரு குறை. ஹேர்பின்னால் நோண்டிக் காசு எடுக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டுவிட்டாள் (அம்மாவின் ஹேர்பின்தான்).

தபால் அலுவலகத்தில் 10 வயதானால் பிள்ளையே தன் பெயரில் கணக்கு தொடங்கலாம்; குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு வருஷத்துக்கு 40 ரூபாய் என்றதும் மகன் முகம் சுருங்கியது. "அவ்வளவுதானா?" ஆனால் பணம் எடுக்கப் படிவம் நிரப்பி, வரிசையில் நிற்க வேண்டுமே! கிரிக்கெட் பேட் ஆசை அந்த வரிசையிலேயே பாதி தணிந்துவிட்டது.