ஓடா, தளமா, தகர ஷீட்டா: டெல்டாவில் கூரை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

ஐப்பசி மழையில் கூடத்தில் நாலு இடத்தில் குண்டானும் வாளியும் வைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரை எடுத்து முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்த வருஷம்தான் இனி கூரையை மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தோம். மன்னார்குடியை ஒட்டிய புறநகரில் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு அது. கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் "பேசாம தளம் போட்டுடு" என்றார்கள். நாங்கள் போடவில்லை. அதற்குக் காரணம் பணம் அல்ல, சுவர்.

வெளிச்சுவரில் பூச்சு பெயர்ந்த ஓர் இடத்தில் மேஸ்திரி சாவியை வைத்துக் கீறிக் காட்டினார். செங்கலுக்கு நடுவிலிருந்து சாந்து பொலபொலவென்று மாவு மாதிரி கொட்டியது. மண் சாந்து. "தம்பி, தளம் போடலாம், ஆனா இந்தச் சுவத்து மேல போட முடியாது" என்றார். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ. 600 சதுர அடி வீட்டுக்கு 17 டன்னுக்கு மேல், அதுவும் மேலே தட்டோடு (வெயில் தணிக்கப் பதிக்கும் தட்டையான ஓடு) பதிக்கும் முன்பே. சீமை ஓடு என்றால் மரச்சட்டத்தோடு சேர்த்துச் சதுர அடிக்கு ஏழெட்டு கிலோதான் வரும். போதாக்குறைக்கு நம் பக்கம் பெரும்பாலும் களிமண். மழையில் உப்பி, சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. அந்த அசைவுக்கே பழைய சுவரில் கோடு விழுகிறது, அதன் மேல் 17 டன்னை ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தளம்தான் வேண்டும் என்றால் தனியாக பில்லர் எழுப்பி பீம் ஓட்டி அதன் மேல் போடவேண்டும். அது கூரை மாற்றுவது இல்லை, பாதி வீட்டைப் புதிதாகக் கட்டுவது. செலவும் அந்தக் கணக்கில்தான் வரும். நகராட்சியிலோ பேரூராட்சியிலோ அனுமதி பற்றியும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சிமெண்ட் சாந்தில் கட்டிய திடமான சுவர் இருந்தால் கதை வேறு. அப்போது தளம் நல்ல தேர்வு. புயலுக்குப் பயமில்லை, மாடியில் நெல்லும் வத்தலும் காயவைக்கலாம், பின்னால் சோலார் வைக்கலாம், மேலே இன்னொரு மாடி கட்டலாம். ஆனால் கான்கிரீட் கொட்டுகிற நாளில் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். கம்பியைப் பலகையோடு படுக்கவிடாமல் அடியில் கவர் பிளாக் என்கிற சின்னச் சிமெண்ட் கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல்காற்றில் உப்பு இருக்கிறது, போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து ஊதி, பத்துப் பதினைந்து வருஷத்தில் காரை பாளமாகப் பெயர்ந்து விழும். கட்டிலின் மேல் அப்படி விழுந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், நல்லவேளை அப்போது யாரும் படுத்திருக்கவில்லை. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைக் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்து நாளுக்கு மேல் விடாமல் செய்யுங்கள். அப்புறம் சூடு. பகல் முழுக்க வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரிதான் கீழே இறக்கும், கத்திரி வெயில் காலத்தில் மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும். தட்டோடு பதிப்பதையும் மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது.

நாங்கள் போட்டது சீமை ஓடு, மங்களூர் ஓடு என்றும் சொல்வார்கள். நாட்டு ஓட்டையே திரும்ப வேயலாமா என்றும் யோசித்தோம், குளிர்ச்சியில் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் குரங்கு ஓடினாலும் பூனை ஓடினாலும் நழுவும், வருஷா வருஷம் ஆள் ஏறிப் பிரித்து வேயவேண்டும், அந்த வேலை தெரிந்த ஆட்கள் எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். சீமை ஓடு ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். சாய்வு போதாமல் போனால் மட்டும் காற்றோடு அடிக்கும் மழை ஓட்டின் இடுக்கில் ஏறி உள்ளே வரும், அதனால் சாய்வைக் குறைக்க விடாதீர்கள். கூரையைத் தாங்கும் பழைய பனங்கைகளில் (பனைமரச் சட்டங்களில்) கரையான் அரித்தது எது என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், சத்தம் பொத்தென்று வந்ததையெல்லாம் கழித்துவிட்டு இரும்பு பைப் வைத்தோம். நம் ஊருக்கு முக்கியமான விஷயம் காற்று. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் முதலில் பறந்தது தாழ்வாரத்து ஓரத்து ஓடுகளும் முகட்டு ஓடுகளும்தான். காற்று ஓரத்தையும் மூலையையும்தான் முதலில் பிடித்துத் தூக்கும். அதனால் இந்தமுறை ஓர வரிசைகளைக் கம்பி போட்டு ரீப்பரோடு (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) கட்டி, முகட்டைச் சாந்து வைத்து அடைத்திருக்கிறோம்.

தகர ஷீட்டுக்குச் செலவு குறைவு, வேலை இரண்டு மூன்று நாளில் முடியும், பாரமே இல்லாததால் பலவீனமான சுவரும் தாங்கும். பாரம் இல்லாததுதான் அதன் ஆபத்தும். கஜாவுக்கு மறுநாள் தெருவில் மின்கம்பியிலும் தென்னையிலும் தொங்கியது எல்லாம் ஷீட்தான். போடுவதானால் மெல்லிசு ஷீட் வாங்காதீர்கள், ரப்பர் வாஷர் வைத்த ஸ்குரூவை ஓரத்திலும் மூலையிலும் நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள், அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தை போல்ட் வைத்துச் சுவரோடு பிணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சட்டம் சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தால் எத்தனை ஸ்குரூ அடித்தும் பிரயோஜனம் இல்லை, மொத்தமாகக் கிளம்பிவிடும். மழைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது, மத்தியானம் உள்ளே உட்கார முடியாது. மாட்டுக்கொட்டகைக்கும் வண்டி நிறுத்தவும் சரி, பிள்ளைகள் படித்துத் தூங்குகிற அறைக்கு நான் போடமாட்டேன்.

ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வேண்டவே வேண்டாம். கல்நார்த் தூசு நுரையீரல் புற்றுநோயைத் தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது, பல நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன, இங்கே இன்னும் விற்கிறார்கள். ஏற்கனவே உங்கள் கூரையில் இருந்து அதைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் சுத்தியலால் உடைக்க விடாதீர்கள். நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். இறக்குகிறவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக்கொடுங்கள், குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் மெட்ராஸ் ஒட்டு (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய மட்டக்கூரை) போட்ட வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மரக்கட்டை நன்றாக இருந்தால் இடிக்க அவசரப்படாதீர்கள். கட்டைகளின் முனை சுவருக்குள் நுழையும் இடம்தான் முதலில் உளுத்துப்போகும், அதை மட்டும் சோதித்துப் பாருங்கள். ஒழுகுகிறது என்று மேலே மேலே சிமெண்ட் போட்டுப் பாரத்தை ஏற்றுவது அந்தக் கட்டைகளுக்குச் செய்கிற கெடுதல்.

வேலையை மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் நல்லது. ஆடிக் காற்றுக்கு முன்னால் ஓட்டு வேலை முடிந்துவிடவேண்டும், புரட்டாசியில் பிரித்துப் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று நின்றவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் தீபாவளி கொண்டாடியிருக்கிறார்கள். சீமை ஓடு வாங்கும்போது கூடவே ஐம்பது அறுபது சேர்த்து வாங்கிவிடுங்கள், அடுத்த லாட்டில் அச்சு கொஞ்சம் மாறினாலும் பூட்டு சேராது. எங்கள் வீட்டில் அந்த உபரி ஓடுகள் கொல்லைப்புறம் கிணற்றுமேடையை ஒட்டி அடுக்கியிருக்கின்றன. போன கார்த்திகையில் தென்னை மட்டை விழுந்து மூன்று உடைந்தது, மழை விட்ட அரைமணி நேரத்தில் ஏணி வைத்து நானே மாற்றிவிட்டேன்.