கட்டுரைக்கு மதிப்பெண் போட மூன்று வழிகள்: உங்கள் ஆய்வுக்கு எது ஒத்துவரும்?

மாணவர்களின் ஆங்கில எழுத்தை ஆராய்பவர்கள் கற்பித்தல் முறைக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எழுதி வாங்கிய கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடுவதைக் கடைசி நேர வேலையாகத் தள்ளிவைப்பார்கள். ஆய்வேட்டில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். 1961இல் பால் டீடெரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 300 கட்டுரைகளை 53 வாசகர்களிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். அளவுகோல் எதையும் தரவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையுமே பெற்றன. ஐந்துக்கும் குறைவான தரங்களோடு தப்பித்த கட்டுரை ஒன்றுகூட இல்லை.

இந்தச் சிதறலை அடக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. ஹோலிஸ்டிக் முறையில் கட்டுரையை ஒருமுறை படித்து ஒரே ஒரு மதிப்பெண் போடுவார்கள், பெரும்பாலும் 1 முதல் 6 வரை. அனலிட்டிக் முறையில் உள்ளடக்கம், அமைப்பு, சொல்வளம், இலக்கணம் என்று கூறு கூறாகப் பிரித்துப் போடுவார்கள். கம்பேரடிவ் ஜட்ஜ்மென்ட் என்ற ஒப்பீட்டு முறையில் மதிப்பெண்ணே கிடையாது. இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மட்டும் சொல்ல வேண்டும். பல நூறு தீர்ப்புகள் சேர்ந்ததும் மென்பொருள் அவற்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அளவு கணக்கிடும். இதன் வேர் 1927இல் உளவியலாளர் தர்ஸ்டன் முன்வைத்த கோட்பாட்டில் இருக்கிறது.

நேரக் கணக்கைப் பார்ப்போம். 60 மாணவர்கள், பயிற்சிக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ஆக 120 கட்டுரைகள். இருவர் தனித்தனியாகத் திருத்தினால் 240 வாசிப்புகள். ஹோலிஸ்டிக்கில் கட்டுரைக்கு 2 நிமிடம் என்றால் 8 மணி நேரம். அனலிட்டிக்கில் 6 நிமிடம் என்றால் 24 மணி நேரம். ஒப்பீட்டு முறையில் ஒவ்வொரு கட்டுரையும் 12 முறை மோத வேண்டுமானால் 720 ஜோடிகள். ஜோடிக்கு 3 நிமிடம் வைத்தால் 36 மணி நேரம். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் எட்டுப் பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 90 ஜோடி, நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று விவரிக்கும் அளவுகோல், அதில் பயிற்சியும் பெரிதாகத் தேவைப்படாது. உதவிக்கு ஆளே இல்லாத தனி ஆய்வாளருக்கு இது சரிப்படாது.

இனி ஒரு கட்டுரையைக் கையில் எடுப்போம். வாதம் கூர்மை, எடுத்துக்காட்டுகள் பொருத்தம், ஆனால் வரிக்கு வரி வினைச்சொல் பிழை. ஹோலிஸ்டிக்கில் ஒருவர் வாதத்தைப் பார்த்து 5 போடுவார், இன்னொருவர் பிழைகளைப் பார்த்து 3 போடுவார். சராசரி 4. வாதமும் மொழியும் சுமாராக இருக்கும் இன்னொரு கட்டுரைக்கும் அதே 4தான். இரண்டும் ஒன்றா? உங்கள் ஆய்வே இலக்கணப் பயிற்சியைப் பற்றியது என்றால் அந்த 4 எதற்கும் உதவாது. அங்கே அனலிட்டிக்தான் கைகொடுக்கும்.

அனலிட்டிக்கில் இரண்டாம் மொழி எழுத்துக்கு அதிகம் எடுத்தாளப்படுவது 1981இல் ஜேக்கப்ஸ் குழு வெளியிட்ட அளவுகோல். உள்ளடக்கம் 30, அமைப்பு 20, சொல்வளம் 20, மொழிப் பயன்பாடு 25, எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் 5. இதை எடுத்தாளும் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அடிமட்டக் கட்டுரைக்கும் 34 கிடைத்துவிடும், காரணம் ஒவ்வொரு கூறுக்கும் கீழ்வரம்பு உண்டு. 50 வாங்கியவரைப் பாதி தேறியவர் என்று எழுதுவது தவறு.

அனலிட்டிக்கின் பெரிய நோய், ஒரு கூறின் சாயல் மற்றக் கூறுகளின் மேல் படிவது. இலக்கணம் நன்றாக இருந்தால் அமைப்புக்கும் கை தாராளமாகிவிடும். கூறுகளின் மதிப்பெண்களுக்கு இடையிலான தொடர்பு எண் (அதிகபட்சம் 1) 0.9ஐத் தாண்டினால், ஐந்து கூறுகளாக நீங்கள் அளந்தது பெரும்பாலும் ஒரே கூறைத்தான். எல்லாக் கட்டுரைகளுக்கும் முதலில் உள்ளடக்கத்தை மட்டும் போட்டு முடித்துவிட்டு, வரிசையைக் கலைத்து, அடுத்த நாள் மொழியைப் போட்டால் இது குறையும். நேரம் கூடும், வேறு வழியில்லை. ஐந்து கூறுகளையும் போட்டுவிட்டு முடிவில் கூட்டுத்தொகையை மட்டும் வைத்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போடும் ஆய்வேடுகள் ஏராளம். அதற்கு இத்தனை உழைப்பு தேவையே இல்லை. கேள்வி மொத்தத் தரத்தைப் பற்றியது என்றால் ஒப்பீட்டு முறையே நேர்மையான தேர்வு.

அதிலும் பள்ளங்கள் உண்டு. முன், பின் கட்டுரைகளைத் தனித்தனித் தொகுப்பாக ஓட்டினால் கிடைக்கும் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. இரண்டையும் ஒரே தொகுப்பில் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டிலும் பொதுவான கட்டுரைகள் இருக்க வேண்டும். அடுத்தது, முந்தைய தீர்ப்புகளைப் பார்த்து ஜோடிகளைத் தேர்ந்தெடுக்கும் அடாப்டிவ் வசதி. அது நம்பகத்தன்மை எண்ணை இருப்பதைவிட உயர்த்திக் காட்டும். ஆய்வுக்கு ஜோடிகளைச் சீரற்ற முறையில் அமைப்பதே நல்லது. வெளியே தெரிந்த தரத்தோடு இணைத்துச் சொல்ல விரும்பினால், தரம் ஏற்கெனவே உறுதியான சில கட்டுரைகளையும் நடுவில் போட்டுவையுங்கள். நீளமான கட்டுரைக்கு மதிப்பு கூடும் சாய்வு மூன்று முறைகளையுமே விடாது. சொல் எண்ணிக்கையைத் தனியாகப் பதிந்துவைத்து, முடிவு அதனால் வந்ததா என்று சோதிக்க வேண்டும்.

எந்த முறையானாலும் முன் தயாரிப்பு ஒன்றுதான். கையெழுத்துப் பிரதிகளைப் பிழையோடு அப்படியே தட்டச்சு செய்யுங்கள். சொல் திருத்தி இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் தரவே தானாகத் திருந்திவிடும். பெயர், தேதி, குழு எல்லாவற்றையும் நீக்கிக் குறியீட்டு எண் கொடுங்கள். திருத்துபவருக்கு இது பயிற்சிக்குப் பின் எழுதியது என்று தெரிந்தாலே மதிப்பெண் ஏறும். இரண்டு தலைப்புகள் இருந்தால் பாதிப் பேர் முதலில் ஒன்றையும் மீதிப் பேர் மற்றதையும் எழுதட்டும்.

கடைசியாக, திருத்துபவர்களின் ஒற்றுமையை எப்படிச் சொல்வது? 6 புள்ளி அளவில் அநேகமாக எல்லா மதிப்பெண்ணும் 3, 4 என்றே நின்றால், 'ஒரு புள்ளிக்குள் 95 சதவீதம் ஒத்துப்போனார்கள்' என்பது வெறும் அலங்காரம். ஹோலிஸ்டிக்குக்கு எடையிட்ட காப்பாவைத் தாருங்கள்; தற்செயலாக வரும் ஒற்றுமையைக் கழித்துவிட்டுக் காட்டும் எண் அது. அனலிட்டிக்குக்கு ஐசிசி என்ற ஒற்றுமை எண்ணைத் தரும்போது, ஏற்ற இறக்கம் ஒத்துப்போனாலே போதும் என்னும் கன்சிஸ்டன்ஸி வகையை விட்டு, மதிப்பெண்ணே ஒத்துப்போக வேண்டும் என்னும் அப்சல்யூட் அக்ரிமென்ட் வகையை எடுங்கள். ஒருவர் மற்றவரைவிட எல்லாருக்கும் சரியாக 5 மதிப்பெண் குறைத்தே போட்டாலும் முதல் வகை 1.0 என்று காட்டும். அந்தக் கண்டிப்பானவர் ஒரு குழுவின் கட்டுரைகளை மட்டும் திருத்தியிருந்தால், குழுக்களுக்கு இடையே நீங்கள் கண்ட வித்தியாசம் அவருடைய கைவண்ணமாகவே இருக்கலாம்.