சட்ட வேலையைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம்: 10 வருடப் பயன்பாட்டு அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. நியூ ஜெர்சியில் ஆலைகளுக்கான பம்ப், வால்வு தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியின் சட்டப் பிரிவில் கம்ப்யூட்டர் பக்கத்து வேலை என்னுடையது. வழக்கு வந்தால் யார் யாருடைய ஈமெயிலை எடுக்க வேண்டும், எங்கே போட்டு வைக்க வேண்டும், வக்கீல்கள் படிக்க எப்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பார்ப்பவன். 2009 வசந்தத்தில் ஒரு நாள் மீட்டிங்கில், "இந்தப் படிக்கிற வேலையை இந்தியாவுக்கு அனுப்பினால் என்ன" என்று நிதிப் பிரிவு மேலாளர் ஆரம்பித்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மாம்பலத்துக்காரன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அப்போது இருந்த நிலைமை தெரிந்தால்தான் இது புரியும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது. பெரிய சட்ட நிறுவனங்களே தள்ளாடின. சான் பிரான்சிஸ்கோவின் ஹெலர் எர்மன் அந்த மாதமே கடையை மூடியது, அடுத்த மாதம் தெலன். 2009 பிப்ரவரி கடைசியில் லேதம் அண்ட் வாட்கின்ஸ் ஒரே அறிவிப்பில் 190 இளம் வக்கீல்களையும் 250 ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் கம்பெனியில் ஆர்டர் பாதியாகிவிட்டது, ஆனால் வழக்கு பாதியாகவில்லை. பணமுடை வந்தால் எல்லோரும் எல்லோர் மீதும் வழக்குப் போடுவார்கள் என்பதால் கூடத்தான் செய்தது. ஜூனில் ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்கக் கம்பெனி தன் சட்ட வேலையில் ஒரு பகுதியை சிபிஏ குளோபல் என்ற அவுட்சோர்சிங் நிறுவனம் மூலம் இந்தியாவுக்கு அனுப்பப் போகிறது என்று செய்தி வந்ததும் நிதி மேலாளர் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து எங்கள் தலைமை வக்கீலின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எந்த வேலை என்று சொல்ல வேண்டும். அமெரிக்க வழக்குகளில் விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் சம்பந்தப்பட்ட ஆவணங்களை ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும், இதற்குப் பெயர் டிஸ்கவரி. 2006 டிசம்பரில் விதிகள் திருத்தப்பட்டு ஈமெயில், கோப்பு எல்லாம் இதில் அடக்கம் என்று தெளிவாக எழுதிய பிறகு சுமை பல மடங்கு ஏறியது. ஒரு சாதாரண ஒப்பந்தத் தகராறுக்கே எங்களிடம் 4 லட்சம் ஈமெயில் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் யாராவது திறந்து பார்த்து, வழக்குக்குச் சம்பந்தம் உண்டா, இல்லையா, பிரிவிலேஜா, 'ஹாட்'டா என்று குறி போட வேண்டும். பிரிவிலேஜ் என்றால் வக்கீலும் கட்சிக்காரரும் தங்களுக்குள் பேசியது, எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியதில்லை. ஹாட் என்றால், எதிர்த்தரப்பு பார்த்தால் நம் வயிற்றைக் கலக்குவது.

இந்த முதல் சுற்றுப் படிப்பைச் சட்ட நிறுவனத்தின் இளம் வக்கீல் செய்தால் மணிக்கு 250 டாலருக்கு மேல் பில் வரும். ஏஜென்சி மூலம் தற்காலிக வக்கீல் பிடித்தால் 60. சென்னையில் 25. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதினால் அதற்கு மேல் யார் பேசுவார்கள்? வக்கீல்கள் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷனும் 2008 ஆகஸ்டில் ஒரு கருத்துரை கொடுத்திருந்தது, எண் 08-451. வெளியே கொடுக்கலாம், ஆனால் பொறுப்பு கொடுத்த வக்கீலுடையதுதான், மேற்பார்வையும் ரகசியமும் அவர் கையில் என்று. எங்கள் தலைமை வக்கீல் அதை மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டுப் படித்துவிட்டு, "மேற்பார்வை நீ பார்த்துக்கொள்" என்றார். வக்கீல் அல்லாத என்னிடம்!

நாங்கள் பிடித்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஓஎம்ஆரில் ஒரு மாடி. 2009 அக்டோபரில் நேரில் போய்ப் பார்த்தேன். உள்ளே போகக் கைரேகை. செல்போன், பை மட்டுமல்ல, பேனா, பேப்பர்கூடக் கிடையாது. யுஎஸ்பி துளைகள் அடைக்கப்பட்டிருந்தன. ஆவணங்கள் எல்லாம் நியூ ஜெர்சி சர்வரிலேயே இருக்கும், இவர்கள் திரையில் பார்ப்பது மட்டும்தான். 18 பேர், எல்லோரும் சட்டப் பட்டதாரிகள், பாதிப் பேர் அம்பேத்கர் சட்டக் கல்லூரி. உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் சேர்ந்தால் கைக்கு வருவது பஸ் செலவுக்கும் காபிக்கும் சரியாக இருக்கும், இங்கே மாதம் 20 ஆயிரத்துக்கு மேல். ஆனால் முழுநேரச் சம்பளத்துக்கு இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். "எங்கப்பா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட நான் ஹைகோர்ட்ல இருக்கேன்னுதான் சொல்லிட்டிருக்கார் சார்" என்றான் ஒரு பையன்.

சரி, எப்படி இருந்தது? முதல் ஆறு மாதம் அருமை. நான் சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பும்போது அனுப்பிய கட்டு, காலையில் வரும்போது முடிந்திருக்கும். அந்த ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை, நமக்காகவே கடவுள் வைத்தது போல இருந்தது. ஒருவர் மணிக்கு 50, 55 ஆவணம் பார்த்தார்கள், இங்கே தற்காலிக வக்கீல்கள் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். தட்டச்சுப் பிழை இல்லாத தினசரி அறிக்கை. நிதி மேலாளர் என்னைப் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்திருந்தார், அது அதுவரை நடக்காத ஒன்று.

அப்புறம் பெக்கி வந்தாள்.

வாராந்திர அழைப்பு இங்கே காலை 8 மணிக்கு. அமெரிக்க வக்கீல்கள் பேசி முடித்துக் கழன்றுகொண்ட பிறகு நானும் அங்கிருந்த பெண் டீம் லீடும் மட்டும் இரண்டு நிமிடம் லைனில் இருப்போம், தமிழில். முதலில் சார் என்றவர், நாலைந்து வாரத்தில் அண்ணா ஆக்கிவிட்டார். ஒரு நாள், "அண்ணா, ஒண்ணு கேக்கணும், அசிங்கமா இருக்கு. இந்தப் பெக்கி யாரு? நிறைய மெயில்ல வர்றாங்க, நீங்க குடுத்த லிஸ்ட்ல இல்ல" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் பழைய உள் வக்கீல் பெயர் மார்கரெட். பிரிவிலேஜ் பட்டியலில் மார்கரெட் என்று இருக்கிறது. அமெரிக்காவில் மார்கரெட்டைப் பெக்கி என்று கூப்பிடுவார்கள், வில்லியம் பில் ஆவது போல, சார்லஸ் சக் ஆவது போல. அது எப்படி என்று எந்த அமெரிக்கரிடம் கேட்டாலும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணமூர்த்தியைக் கிச்சா என்றால் நமக்கு யாராவது விளக்குகிறார்களா? அந்த மெயில்களில் மார்கரெட்டின் முகவரியும் இல்லை, தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்குள் எழுதும்போது "பெக்கி சொல்கிறாள், இந்த வரியில் கையெழுத்துப் போடாதே" என்று அவர் சொன்ன சட்ட ஆலோசனையை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தேடலில் மாட்டவில்லை. படித்தவர்கள் பெக்கி யாரோ ஆபீஸ் உதவியாளர் என்று நினைத்து, சம்பந்தம் உண்டு, பிரிவிலேஜ் இல்லை என்று குறி போட்டார்கள். அதில் 61 ஆவணம் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது.

காப்பாற்றியது அமெரிக்க சாட்சிய விதி 502. 2008 செப்டம்பரில்தான் சட்டமானது. தெரியாமல் கொடுத்த பிரிவிலேஜ் ஆவணத்தை, உரிய கவனத்தோடு இருந்து உடனே கேட்டால், திரும்பப் பெறலாம். கேட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் முறைத்துக்கொண்டே கொடுத்தார். இங்கே எல்லோரும் சென்னையைத் திட்டத் தயாரானார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன், பட்டியலை எழுதியது யார்? நாம். கேள்வி கேட்டுப் பிடித்தது யார்? அந்தப் பெண். அதற்கு முன்பு இங்கே இரண்டாம் சுற்றுப் பார்த்த மூன்று அமெரிக்க வக்கீல்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை, அவர்கள் பத்து ஆவணத்துக்கு ஒன்றைத்தான் திறந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. எங்கள் ஆட்களின் தலைக்குள் மட்டும் இருந்ததை எல்லாம் நான் எழுத வேண்டியிருந்தது. யார் யாருக்கு என்ன செல்லப்பெயர், எந்தத் தொழிற்சாலைக்கு என்ன சங்கேதம், "பந்தை அவன் பக்கம் தட்டிவிடு" என்று விளையாட்டு பாஷையில் எழுதினால் என்ன அர்த்தம். 4 பக்கம் இருந்த வழிகாட்டி ஒரு வருடத்தில் 70 பக்கம் ஆனது. எழுத எழுதப் பிழை குறைந்தது. சில இடங்களில் அவர்கள் நம்மைவிடக் கெட்டி. "இதை எழுத்தில் வேண்டாம், போனில் கூப்பிடு" என்று ஒரு விற்பனை மேலாளர் எழுதிய ஒற்றை வரி மெயிலை இங்கே ஒருவர் சம்பந்தமில்லை என்று தள்ளியிருக்க, அங்கே ஹாட் என்று குறி போட்டு அனுப்பினார்கள். நேர்ல பேசிக்கலாம் என்று ஒருத்தன் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாமே.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொரு சிக்கல், ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ரசாயன ஆலைகளுக்கான சில வகை வால்வு, பம்ப்பின் தொழில்நுட்ப விவரம் அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சர்வர் நியூ ஜெர்சியிலேயே இருந்தாலும் இந்தியாவில் ஒருவர் திரையில் பார்த்தால் அது ஏற்றுமதிதான். எனவே வரைபடம் உள்ள ஈமெயில்களைப் பிரித்து இங்கேயே படிக்க வேண்டும். பிரிப்பதற்கு ஆள், அந்த ஆளுக்குக் கூலி.

2012ல் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 டாலரோடு இங்கே மறுபார்வை, பிரித்தெடுப்பு, என் நேரம், புதியவர்களுக்குப் பயிற்சி எல்லாம் சேர்த்தால் மணிக்கு 41 வந்தது. 60ஐவிடக் குறைவுதான், ஆனால் மீட்டிங்கில் காட்டிய லாபத்தில் பாதிதான். அதில் பெரிய தொகை பயிற்சி. நான் 2009ல் பார்த்த 18 பேரில் அப்போது மீதி இருந்தது 4 பேர். பெக்கி யார் என்று தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், மறுபடி பெக்கி யார் என்று கேட்கக்கூடத் தெரியாதவர்கள் வந்தார்கள். என்னை 'அண்ணா' என்ற டீம் லீடும் 2013ல் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கே திரும்பிவிட்டார். விற்க வருபவர்கள் காட்டும் வண்ணப் படங்களில் ஆள் மாறும் கணக்கு எங்கேயும் இருக்காது. அதைக் கேளுங்கள், மணிக்கூலியைக் கேட்பதற்கு முன்னால்.

நடுவில் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு வேறு. ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் 2010ல் 31 வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் மீதும் இதே அவுட்சோர்சிங் தொழில் செய்யும் ஒரு நிறுவனத்தின் மீதும், அவர்கள் இந்தியாவில் சட்டத் தொழில் செய்யக் கூடாது என்று போட்டது. "உங்கள் ஊர் கோர்ட் நம் ஆட்களை மூடிவிடுமா" என்று தலைமை வக்கீல் மாதாமாதம் என்னைக் கேட்பார், ஏதோ நான்தான் பெஞ்ச் கிளார்க் மாதிரி. 2012 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது, இந்த மாதிரி அலுவலகச் சேவைகள் வழக்கறிஞர் சட்டத்துக்குள் வராது என்று. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைக் கொஞ்சம் திருத்தி, செய்யும் வேலையின் சாரம் சட்டத் தொழிலாக இருந்தால் சட்டம் பொருந்தும் என்றது. எங்கள் வேலைக்கு இரண்டாலும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனது 2015 டிசம்பர் மழையில். 1ஆம் தேதி ராத்திரி அடையாற்றில் வெள்ளம், விமான நிலையம் 6ஆம் தேதி வரை மூடல், ஓஎம்ஆர் ஆபீசில் மின்சாரம் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு ஊரில் மாற்று இடம் தயார் என்று போட்டிருந்தது. நாற்காலி இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, எங்கள் வழக்கைத் தெரிந்த ஒரு ஆள் இல்லை. வீட்டிலிருந்து பார்க்கப் பாதுகாப்பு விதி இடம் கொடுக்காது. எதிர்த்தரப்பிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டோம், அவர்கள் டிவி பார்த்திருந்ததால் உடனே கொடுத்தார்கள். அந்த வாரம் நான் சென்னைக்குப் போட்ட போன்களில் ஒன்றுகூட வேலை சம்பந்தமாக இல்லை.

2012லேயே நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக், ஆவணங்களை மென்பொருளே கற்றுக்கொண்டு தரம் பிரிக்கலாம் என்று டா சில்வா மூர் வழக்கில் ஏற்றுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அது எங்களிடமும் வந்து, 18 பேர் 7 ஆனார்கள், 2019ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வாடிக்கை ஒப்பந்தங்களைச் சரிபார்க்க, முதல் சுற்றுப் படிப்புக்கு, இன்றைக்கும் நான் யாருக்கும் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். பிரிவிலேஜை மட்டும் அனுப்பாதீர்கள், அதுவும் முதல் வருடம் அனுப்பவே அனுப்பாதீர்கள். அந்த 70 பக்கம் இப்போது மென்பொருளுக்குத் தீனி, செல்லப்பெயர்ப் பட்டியலில் முதல் வரி இன்னும் பெக்கிதான்.

அந்த டீம் லீட் இப்போது செங்கல்பட்டு கோர்ட்டில் இருக்கிறார். தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு ஃப்ளாட் உண்டு, போன வருடம் வாடகைக்கு விட 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மணிக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அண்ணா, போனை வைங்க" என்றார்.