18 லிட்டர் கேசட் கழிவறை: இருவர் குடியிருக்கும் மோட்டார்ஹோமுக்கு ஒத்துவருமா?

இரண்டு வார விடுமுறைக்கு மோட்டார்ஹோம் எனும் வீட்டு வண்டியை எடுப்பவர்களுக்கு அதற்குள் இருக்கும் கழிவறை ஒரு வசதி. ஓய்வுபெற்ற பிறகு வருஷம் முழுக்க அதிலேயே குடியிருக்கப்போகும் கணவன் மனைவிக்கு அது ஒரு வீட்டு வேலை. வாரத்துக்கு மூன்று நான்கு முறை இருவரில் ஒருவர் கழிவு சேரும் பெட்டியை உருவி, இழுத்துக்கொண்டு போய்க் கொட்டி, அலசி, நாற்றத்தை அடக்கும் மருந்து ஊற்றி, திரும்ப மாட்ட வேண்டும். வண்டி வாங்கப் போனால் எல்லோரும் இருக்கையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன் வெளியே போய், பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தெட்ஃபோர்டு நிறுவனத்தின் சி220 வரிசைக் கழிவறை. டொமெட்டிக் நிறுவனத்தின் தயாரிப்பும் அடிப்படையில் இதே அமைப்புதான். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

அமைப்பு எளிமையானது. மேலே திருப்பி வைத்துக்கொள்ளக்கூடிய கிண்ணம். அதன் அடியில் ஒரு தகடு. தகட்டைத் திறந்தால் நேரே கீழுள்ள பெட்டிக்குள் விழும். அந்தப் பெட்டிதான் கேசட்: கொள்ளளவு 18 லிட்டர் அளவில், சக்கரம், இழுத்து நீட்டும் கைப்பிடி, சுழலும் ஊற்று மூக்கு. உள்ளே ஒரு மிதவை, மேலே ஒரு காற்றுப் பொத்தான். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் சீல். பெட்டியை வெளிக்கதவு வழியாக உருவி எடுப்பதால், கழிவு வண்டியின் உள்ளே வரவே வராது. வண்டியை நகர்த்தாமல் பெட்டியை மட்டும் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வரலாம். ஒரே இடத்தில் பத்து நாள் தங்க விரும்பும் தம்பதிக்கு இது பெரிய விஷயம். வண்டியின் அடியில் நிலையாகப் பொருத்திய பெரிய கழிவுத் தொட்டி என்றால், அது நிரம்பியதும் எல்லாவற்றையும் மடக்கி வைத்து, வண்டியையே கொட்டும் இடத்துக்கு ஓட்டிப்போக வேண்டும்.

இப்போது எடைக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சிறுநீர் சராசரியாக ஒன்றரை லிட்டர். ஒவ்வொரு முறையும் கால் முதல் அரை லிட்டர் வரை கழுவும் நீர், நாளுக்கு ஆறு முறை. இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 7 லிட்டர். தொடக்கத்தில் மருந்தோடு ஊற்றும் 2 லிட்டரையும் சேர்த்தால் இரண்டு நாளில், சிக்கனமாக இருந்தால் மூன்றாம் நாள் காலையில், பெட்டி நிரம்பிவிடும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் ஒருவர் இருந்தாலும் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

நிரம்பிய கேசட் 20 கிலோவைத் தாண்டும். தார்ச்சாலையில் சக்கரம் அதைப் பார்த்துக்கொள்ளும். கூழாங்கல் தரையில், ஈரப்புல்லில், படி ஏறும் இடத்தில் சக்கரத்தால் பயனில்லை, தூக்கத்தான் வேண்டும். மிகக் கடினமான கட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கொட்டும் தொட்டி பல இடங்களில் இடுப்பு உயரத்தில் இருக்கும். அங்கே 20 கிலோவை உயர்த்திப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, நிதானமாகச் சாய்க்க வேண்டும். முதுகைவிட மணிக்கட்டும் தோளும்தான் முதலில் வலிக்கும். அதனால் பெட்டி நிரம்பியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், முடிந்தால் தினமும், பாதி நிரம்பிய நிலையில் கொட்டுங்கள். பாதி எடையை எழுபது வயதிலும் பலரால் தூக்க முடியும். இந்தப் பெட்டி சிறியது என்று குறை சொல்பவர்கள் உண்டு. இதைவிடப் பெரிதாக இருந்தால் தூக்கவே முடியாது.

கொட்டும் முறையைத் தொடக்கத்திலேயே சரியாகப் பழகிக்கொண்டால் கையில் ஒரு சொட்டும் படாது. முதலில் உள்ளே போய்த் தகடு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் திறந்திருந்தாலும் பெட்டி வெளியே வராது. அந்த நிலையில் பலவந்தமாக இழுப்பதுதான் தகட்டின் இயக்கப் பகுதி உடைவதற்கு முக்கியக் காரணம். பிறகு வெளிக்கதவைத் திறந்து, கொக்கியை விடுவித்து, பெட்டியை நேராக உருவுங்கள். கொட்டும் இடத்தில் நிமிர்த்தி வைத்து, ஊற்று மூக்கை வெளிப்பக்கம் திருப்பிய பிறகே மூடியைக் கழற்றுங்கள். சாய்க்கும்போது கட்டைவிரலால் காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் கழிவு குபுக் குபுக்கென்று வெளியேறி, நாலாபுறமும் தெறிக்கும். மூக்கு கீழ்நோக்கித் திரும்பிய பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டி நிமிர்ந்திருக்கும்போதே அழுத்தினால் அந்தத் துளை வழியாகவே கசியும். கொட்டி முடித்ததும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, மறுபடியும் கொட்டுங்கள். இரண்டு முறை அலசினால் போதும்.

மருந்து ஊற்றுவதில் பெரும்பாலானோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிண்ணத்திலிருந்து தகட்டின் வழியாக ஊற்றிவிடுகிறார்கள். செறிவான மருந்து ரப்பர் சீலைக் கெடுக்கும். எப்போதும் ஊற்று மூக்கு வழியாகவே ஊற்றுங்கள். கூடவே இரண்டு லிட்டர் தண்ணீரும் போக வேண்டும். அடித்தளம் முழுக்க நனைந்திருந்தால்தான் மருந்து எல்லா இடத்துக்கும் பரவும், கழிவும் அடியில் ஒட்டிக் காயாது. அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். லேபிளைப் படித்து, அளவு மூடியால் அளந்து ஊற்றுங்கள். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு நாள் தாங்கும் என்பது உண்மையல்ல. வெயில் காலத்தில் மருந்தின் வீரியம் சீக்கிரமே குறைந்துவிடும். அப்போது அளவைக் கூட்டுவதைவிடக் கொட்டும் இடைவெளியைக் குறைப்பதே சரி.

நீல மருந்தா பச்சை மருந்தா என்ற கேள்விக்கு எங்கள் பதில் பச்சை. நீலம் நாற்றத்தை இன்னும் நன்றாக அடக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நகரத்துக்கு வெளியே உள்ள தங்கும் இடங்கள் பல, தங்கள் கழிவைச் சொந்தமாக ஒரு மலத்தொட்டியிலோ சிறு சுத்திகரிப்பு அமைப்பிலோ பாக்டீரியாவைக் கொண்டுதான் மக்கச் செய்கின்றன. நீல மருந்து அந்த பாக்டீரியாவையே கொல்லும். மலத்தொட்டிக்கு ஏற்றது என்று லேபிளில் போட்டிருக்கும் பச்சை மருந்தால் அந்தத் தொல்லை இல்லை. எந்த நிறமானாலும் மழைநீர் வடிகாலிலும், பாத்திரம் கழுவின தண்ணீர் போகும் துளையிலும், ஓடையோரத்திலும் கொட்டவே கூடாது.

இந்தக் கழிவறையின் பலவீனம் அந்த ரப்பர் சீல்தான். கிண்ணத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் விளிம்பில் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கிறது. முதலில் துடைத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். வாரம் ஒருமுறை சீலுக்கு எண்ணெய்ப் பசை வேண்டும். இதற்கென விற்கும் ஸ்பிரே கிடைக்காவிட்டால் ஆலிவ் எண்ணெயை விரலில் தொட்டுத் தடவலாம். வாசலினும் மற்றச் சமையல் எண்ணெய்களும் வேண்டாம்; சீல் கெட்டுக் கசிய ஆரம்பிக்கும். பிளீச்சிங் திரவம், வினிகர் இரண்டும் கழிவறையின் எந்தப் பகுதியிலும் படக்கூடாது. அதிலேயே குடியிருக்கும் தம்பதி ஒரு மாற்றுச் சீலை எப்போதும் வண்டியில் வைத்திருப்பது நல்லது. விலையும் குறைவு, எடையும் இல்லை. அது இல்லாத நாளில் படும் பாடு மட்டும் பெரிது.

அடுத்தது மிதவை. அது ஒரு காந்தத்தைச் சுமந்துகொண்டு மேலே வருவதால்தான் விளக்கு எரிகிறது. சாதாரணக் கழிவறைக் காகிதம் கரையாமல் கட்டியாகி மிதவையைப் பிடித்துக்கொண்டால், பெட்டி காலியாக இருந்தும் விளக்கு எரியும். இன்னும் மோசம், நிரம்பிய பிறகும் எரியாமல் இருப்பது. சீக்கிரம் கரையும் காகிதம் இதற்காகத்தான். ஈரத் துடைப்பான்களை ஒன்றுகூட உள்ளே போடாதீர்கள். மாதக்கணக்கில் ஓடிய பெட்டியில் சிறுநீர் உப்பு சுவரிலும் மிதவையிலும் பூச்சாகப் படியும். எவ்வளவு மருந்து ஊற்றினாலும் போகாத நாற்றம் பெரும்பாலும் இந்தப் பூச்சிலிருந்து வருவது. கேசட்டுக்கென்றே உள்ள சுத்திகரிப்பானை ஊற்றி ஊறவைத்து அலசினால் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை செய்தால் போதுமானது.

மலைப்பாதை ஏறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாழ்வான இடத்தில் அடைபட்ட காற்று உயரத்தில் விரியும். பெட்டி வண்டிக்குள் இருக்கும்போது காற்றுத்துளை தானாகத் திறந்திருக்க வேண்டும். அது அடைத்திருந்தால் தகட்டைத் திறந்த கணத்தில் உள்ளிருப்பது மேலே தெறிக்கும். ஏறி முடித்ததும் முதல் தடவை இருக்கை மூடியைச் சாத்தி வைத்துக்கொண்டே தகட்டை மெதுவாகத் திறங்கள். பனிக்காலத்தில், கேசட் அறைக்குச் சூடு வராத வண்டியானால் கழுவும் நீர் உறைந்து குழாய் வெடிக்கலாம். புரொப்பிலீன் கிளைக்கால் வகை உறைதடுப்பானை மட்டும் பயன்படுத்துங்கள். இஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இங்கே அதற்கு இடமே இல்லை.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்ஓஜி என்ற காற்றோட்டி இருக்கிறது. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன விசிறி. தகட்டைத் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கி, கிண்ணத்திலிருந்து காற்றைக் கீழே உறிஞ்சி, பெட்டி வழியாக வெளியே தள்ளிவிடும். கதவு வழி வெளியேற்றும் வகையில் கரி வடிகட்டி இருக்கும்; அதைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். கூரை வழி வெளியேற்றும் வகையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாசனையே போகாது. பொருத்துவதற்கு வண்டியில் துளை போட வேண்டும் என்பது ஒன்றே தயக்கம். முழுநேரம் குடியிருப்பவர்களுக்கு அந்தத் துளை வீண் போகாது: மருந்துச் செலவு போகிறது, மருந்தைச் சுமக்கும் எடையும் போகிறது.

பிரித்தெடுக்கும் உலர் கழிவறைகளோடு ஒப்பிடாமல் முடிக்க முடியாது. செப்பரெட் டைனி, நேச்சர்ஸ் ஹெட் இரண்டும் இந்த வகை. சிறுநீர் முன்பக்கம் ஒரு தனிக் கலத்துக்கும், மலம் பின்பக்கமும் போகும். இரண்டும் கலக்காததால் நாற்றம் குறைவு. கழுவும் நீரே கிடையாது. சிறுநீர்க் கலம் நிரம்பினாலும் 10 கிலோவை எட்டாது. எடை தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் ஒருவருக்கு இதுதான் எளிய வழி. ஆனால் அந்தக் கலத்தை ஓரிரு நாளுக்கு ஒருமுறை கொட்ட வேண்டும், இருவருமே உட்கார்ந்துதான் பயன்படுத்த முடியும், வயிற்றுப்போக்கு வந்தால் அந்த ஏற்பாடு குலைந்துபோகும். திடக்கழிவை எங்கே போடுவது என்ற கேள்விக்கும் ஊருக்கு ஊர் வேறு வேறு விதி. கொட்டுமிடம் உள்ள தங்கும் இடங்களிலேயே பெரும்பாலும் இருப்பவர்களுக்குக் கேசட் மேல். வாரக்கணக்கில் தண்ணீரும் கொட்டுமிடமும் இல்லாத இடங்களில் நிற்பவர்களுக்கு உலர் வகை மேல்.

கேசட்டையே தேர்ந்தெடுத்தால், இரண்டாவது பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாள் நிம்மதி. மாடல் எண்ணையும், வெளிக்கதவு எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பெட்டிகள் மாறிப் பொருந்தாது. பழைய வண்டி வாங்குபவர்களுக்கு, புதுப் பெட்டியும் இருக்கையும் மூடியும் சேர்ந்த ஃபிரெஷ் அப் செட் ஒன்றைத் தெட்ஃபோர்டு விற்கிறது. முந்தையவர் விட்டுப்போன உப்பும் நாற்றமும் ஒரே நாளில் போய்விடும்.

வண்டி பார்க்கப் போகும் நாளில் இருவரும் தனித்தனியே அந்த இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பாருங்கள். எழும்போது கையூன்ற ஏதாவது இருக்கிறதா, இரவில் இறங்கும்போது காலடியில் படி தடுக்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு வெளியே வந்து, பெட்டியில் 10 லிட்டர் தண்ணீர் நிரப்பச் சொல்லி, இருவரில் பலம் குறைந்தவர் அதை உருவி, இருபது அடி இழுத்துப்போய், இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கொட்டிப் பார்க்கட்டும்.