இத்தாலியக் கடற்கரையும் தோட்டங்களும்: குழுப் பயணம் ஒன்றின் மதிப்பீடு

கோவையில் இயங்கும் ஒரு சுற்றுலா நிறுவனம், இத்தாலியின் வடமேற்கிலுள்ள லிகூரியக் கடற்கரையில் தொடங்கித் தெற்கே அமால்ஃபிக் கரையில் முடியும் குழுப் பயணம் ஒன்றை நடத்துகிறது. தோட்டங்களையும் கடலோரச் சிற்றூர்களையும் நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கானது என்று அதன் விளம்பரம் கூறுகிறது. குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் பலர் ஒன்றுசேர்ந்து இந்த மே மாதம் அதில் சென்று வந்தோம். பயணத்தின் வடபகுதியை மனமாரப் பாராட்டுகிறேன். தென்பகுதியை, இப்போதுள்ள வடிவில், யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வடக்கே ஓர் ஊரில் தங்கவைத்து எங்களைக் காலாற நடக்கவிட்டார்கள். தெற்கே போகும்போது பேருந்திலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

விசா ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷெங்கன் விசாவுக்கான 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை என எதெது வேண்டும் என்பதை முன்கூட்டியே தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். கைரேகை வைக்கச் சென்னைக்குச் சென்றபோது உடன் ஓர் ஆளையும் அனுப்பினார்கள். ஆனால் விளம்பரத்தில் அச்சிட்டிருந்த தொகையில் ஜிஎஸ்டியும், வெளிநாட்டுப் பயணத்துக்காக முன்கூட்டியே பிடிக்கப்படும் டிசிஎஸ் வரியும் சேரவில்லை என்பது முன்பணம் கட்டிய பிறகே தெரிந்தது. டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம் என்றாலும், ஓய்வூதியத்திலிருந்து மிச்சம் பிடித்துப் பணம் கட்டுகிறவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

லா ஸ்பெட்சியா என்ற துறைமுக நகரத்தில் இரயில் நிலையத்துக்கு அருகிலேயே தங்கும் விடுதியை அமர்த்தியிருந்தது இந்த நிறுவனம் செய்த மிகச் சிறந்த காரியம். சிங்குவே தெர்ரே என்று அழைக்கப்படும் ஐந்து ஊர்களான ரியோமஜோரே, மனரோலா, கொர்னில்யா, வெர்னாட்சா, மொந்தெரோஸ்ஸோ ஆகியவை அங்கிருந்து இரயிலில் சில நிமிடங்கள் இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. குன்னூரில் சிம்ஸ் பூங்கா தொடங்கப்பட்ட அதே 1874-இல் இந்தக் கரையோர இரயில் பாதை முழுமையடைந்தது. அதுவரை இவ்வூர் மக்களுக்குப் படகும் மலைப்பாதையும்தான் வழி. ஊர்களுக்குள் கார்கள் அநேகமாக நுழைய முடியாது. இரயிலுக்கும் நடைபாதைகளுக்கும் உள்ளூர்ச் சிற்றுந்துக்கும் சேர்த்து ஒரே அட்டையை வாங்கிக் கொடுத்து, மாலைக்குள் விடுதிக்குத் திரும்பினால் போதும் என்று எங்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். குழுப் பயணங்களில் இப்படி ஒரு நம்பிக்கையைக் காண்பது அரிது.

மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஐந்து ஊர்களில் பார்க்க வேண்டியது வண்ண வீடுகளை விட, அவற்றுக்கு மேலே வானம்வரை ஏறும் படிமட்டத் தோட்டங்களைத்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இங்குள்ள உழவர்கள் செங்குத்தான சரிவை வெட்டி, சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னே மண்ணை நிரப்பித் திராட்சை பயிரிட்டு வந்திருக்கிறார்கள். மனரோலாவுக்கு மேலே செல்லும் பாதையில், சரிந்துபோன ஒரு சுவரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் நின்று பார்த்தோம். முகப்பில் பெரிய கற்களை உள்நோக்கிச் சற்றே சாய்த்து வைக்கிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் பின்புறம் முழங்கை நீளத்துக்குச் சில்லுக் கற்களை நெருக்கித் திணிக்கிறார்கள். அதற்கும் பின்னால்தான் மண். மழைநீர் மண்ணில் இறங்கிச் சில்லுக் கற்களின் வழியே கசிந்து சுவரின் இடுக்குகளில் வெளியேறிவிடுவதால், சுவரின் முதுகில் நீர் தேங்கி அதைத் தள்ளுவதில்லை. எங்களுடன் வந்த கோத்தகிரிக்காரர், கேரட் தோட்டம் வைத்திருப்பவர், குனிந்து அந்தச் சில்லுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நாம தனியா வடிகால் வெட்டுறோம் சார், இவங்க சுவத்துக்குள்ளயே வடிகால வெச்சுட்டாங்க” என்றார். இவ்வகைக் கல்லடுக்குக் கலை 2018-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இந்த ஊர்கள் 1997 முதலே உலகப் பாரம்பரியக் களமாக இருக்கின்றன.

உழைப்புக்கு ஏற்ற வருமானம் இல்லாததால் இளையவர்கள் கீழே இறங்கிப் போய்விட, கவனிப்பாரற்ற சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துவருகின்றன. 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில் வெர்னாட்சாவிலும் மொந்தெரோஸ்ஸோவிலும் மண்ணும் கல்லும் தெருக்களை நிரப்பி உயிர்களைக் கொண்டுபோயின. 2009 நவம்பரில் நம் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளை நேரில் கண்டவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். வெர்னாட்சாவின் சிறு சதுக்கத்தில் நின்று அவர்கள் மேலே சரிவையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நிறுவனத்தின் வழிகாட்டி ஐஸ்கிரீம் கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் இந்த மண்ணின் கதையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மலைமாவட்டத்திலிருந்து ஒரு குழுவை அழைத்துச் செல்லும் நிறுவனம், அரை நாளுக்காவது உள்ளூர் உழவர் ஒருவரை அமர்த்தியிருக்கலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கொர்னில்யா மட்டும் கடல்மட்டத்தில் இல்லை. நிலையத்திலிருந்து ஊருக்கு 382 படிகள் ஏற வேண்டும். அட்டை இருந்தால் சிற்றுந்தில் போய்விடலாம் என்பதை வழிகாட்டி சொல்ல மறந்ததால் இரண்டு மூதாட்டிகள் பாதிவழியில் உட்கார நேர்ந்தது. மலைப்பாதைகளில் வார்ச்செருப்புடன் நடந்தால் அபராதம் உண்டு. நல்ல காலணி அவசியம். ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையில் பாறை முகப்பைக் குடைந்து அமைத்த கடலோரப் பாதை, 2012-இல் ஏற்பட்ட மண்சரிவால் மூடப்பட்டு 2024-இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். நிறுவனம் அதைச் செய்து வைத்திருந்தது.

அடுத்து சான்ரெமோ. ‘பூக்களின் கடற்கரை’ என்று பெயர் பெற்ற இந்தப் பகுதியில் மலைச்சரிவெங்கும் பசுமைக்குடில்கள். குன்னூரில் பூச்செடி நாற்றங்கால் நடத்தும் எனக்கு, கோத்தகிரியின் கார்னேஷன் குடில்களைக் கடலோரத்தில் இறக்கி வைத்ததைப் போலிருந்தது. இங்கிருந்து வென்டிமில்யாவுக்கு இரயிலிலும், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்திலும் சென்று, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஹான்பரி தோட்டத்தைப் பார்த்தோம். ஷாங்காயில் வணிகம் செய்து பொருளீட்டிய தாமஸ் ஹான்பரி என்ற ஆங்கிலேயர் 1867-இல் வாங்கிய நிலம் இது. மருந்துத் தாவரங்களில் புலமை பெற்ற அவருடைய சகோதரர் டேனியல், செடிகளைத் தேர்ந்து வைப்பதில் துணை நின்றார். இப்போது ஜெனோவா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் உள்ளது. ஏறத்தாழ 18 ஹெக்டேர். நுழைவாயில் மேலே சாலையில் இருக்க, கடலைத் தொடும்வரை தோட்டம் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. நடுவே பழைய ரோமானியச் சாலையின் ஒரு துண்டு இன்றும் கிடக்கிறது. இறங்கியவர்கள் அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். எங்கள் குழுவில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

அங்கே எங்களை நிறுத்தி வைத்தவை கற்றாழைகளும் எலுமிச்சை வகைகளும் மட்டுமல்ல. நம் ஊரில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸின் இனங்கள் அங்கே பெயர்ப்பலகையோடு அருமையாகப் போற்றப்படுகின்றன. இந்தக் கடற்கரை முழுவதும் சனவரி முதல் மார்ச் வரை மஞ்சளாகப் பூக்கும் மரம், நம் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கிவிட்ட அதே சீகை (வாட்டில்) மரம்; மார்ச் 8 மகளிர் நாளில் இத்தாலியப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் பூங்கொத்து அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு மலைகளுக்கும் கொண்டுவரப்பட்ட ஒரே மரத்தை ஓரிடத்தில் விற்பனைக்கு வளர்க்கிறார்கள், இன்னோரிடத்தில் வேரோடு பிடுங்கப் போராடுகிறோம். அங்கும் பயிர்நிலத்தை விட்டு வெளியே அது பரவத்தான் செய்கிறது. இந்தத் தோட்டத்துக்கு நிறுவனம் ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கியிருந்தது. அதற்காகவே நான் இந்தப் பயணத்தை நினைவில் வைத்திருப்பேன்.

உணவு பற்றியும் சொல்ல வேண்டும். நாள்தோறும் இரவில் இந்திய உணவு என்ற வாக்குறுதியை நிறைவேற்றுவதற்காக, எங்கோ தள்ளியிருந்த உணவகங்களுக்கு எங்களை அழைத்துச் சென்று, மாலை நேரத்தின் பெரும்பகுதியை வீணடித்தார்கள். அங்கே கிடைத்த பனீர் குழம்புக்கு அத்தனை அலைச்சல் தேவையில்லை. லிகூரியாவில் சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை. கடலை மாவை நீரும் ஆலிவ் எண்ணெயும் விட்டுக் கரைத்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடும் ஃபரினாத்தா, விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருக்கும். மிளகுத்தூளைத் தூவி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எண்ணெய் தடவிய ஃபொக்காச்சா ரொட்டி காலையில் எல்லா அடுமனைகளிலும் கிடைக்கிறது. துளசி இனத்து இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவில் சேரும் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளால் உறையவைக்கப்படுவது என்பதைக் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வழிகாட்டி இதைச் சொல்லவில்லை.

இனி தென்பகுதி. சான்ரெமோவிலிருந்து அமால்ஃபிக் கரையை ஒட்டிய சலெர்னோ நகரம் வரை, இத்தாலியின் நீளத்தில் பெரும்பகுதியைப் பேருந்தில் கடக்கவைத்தார்கள். இடையில் பீசா கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளச் சிறிது நேரம், ரோமில் கொலோசியத்தை வெளியிலிருந்து ஒரு பார்வை. நான்கரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதியை ஓட்டுநர் சரியாகப் பின்பற்றினார். அவ்விதியைக் கணக்கில் எடுக்காமல் நேர அட்டவணை போட்டவர்கள்தான் தவறு செய்தார்கள். ரோமிலிருந்து அதிவேக இரயில் நேராக சலெர்னோவுக்கே வருகிறது. அதில் வந்திருந்தால் ஒரு முழுநாள் மிஞ்சியிருக்கும்.

அந்த நாள் இல்லாததன் விலையை ரவெல்லோவில் கொடுத்தோம். சலெர்னோவிலிருந்து படகில் அமால்ஃபிக்கு வந்தது இனிமையான ஏற்பாடு. குறுகிய மலைச்சாலையில் பேருந்துகள் ஒன்றையொன்று கடக்கத் திணறுவதைக் கடலிலிருந்தே பார்த்தோம். கோடையில் வெளியூர்க் கார்களை எண்பலகையின் ஒற்றைப்படை, இரட்டைப்படைக்கு ஏற்ப நாள் மாற்றி அனுமதிக்கிறார்கள். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் முறையை 2024 முதல் பார்த்துவரும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. கடலுக்கு மேல் ஏறத்தாழ 365 மீட்டர் உயரத்தில் அமைந்த ரவெல்லோவில், 13-ஆம் நூற்றாண்டின் மாளிகையான வில்லா ருஃபோலோவை அவசரமாகச் சுற்றிக் காட்டினார்கள். 1880-இல் இசைமேதை வாக்னர் வந்து மெய்மறந்து நின்ற அந்தப் பூந்தளத்தில், எங்களுக்குக் கிடைத்தது படம் எடுத்துக்கொள்ளும் அளவு நேரமே. பயணத் திட்டத்தில் அச்சிட்டிருந்த வில்லா சிம்புரோனே தோட்டத்துக்கு, நேரமாகிவிட்டது என்று சொல்லி, அழைத்துச் செல்லவே இல்லை. சதுக்கத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். கடலுக்கு மேல் நீட்டிய மாடத்தில் பளிங்கு மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்துக்காகவே எங்களில் சிலர் பணம் கட்டியிருந்தார்கள். நுழைவுச்சீட்டுத் தொகையைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. கேட்டது பணத்தை அல்ல.

அமால்ஃபியில் ஓர் எலுமிச்சைத் தோட்டத்தை மட்டும் நன்றாகப் பார்த்தோம். கஷ்கொட்டை மரக்கழிகளால் அமைத்த உயரமான பந்தலில், கிளைகளை வில்லோ மரத்தின் இளங்குச்சிகளால் கட்டி வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் அதன்மேல் வலை போர்த்திக் காக்கிறார்கள். நுனி கூம்பிய அந்தப் பழத்தைத் தோலோடு வட்டமாக நறுக்கி அப்படியே தின்னலாம். வெள்ளைத் தோல் கசக்கவில்லை. தோட்டக்காரர் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டை வைத்து, நாங்கள் மெல்லும்வரை காத்திருந்தார்.

இதில் செல்ல நினைப்பவர்கள், வடபகுதியை மட்டும் தனியாகப் பதிவு செய்ய முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். நாங்கள் திரும்பிய பிறகு கேட்டபோது, குறைந்த அளவு ஆட்கள் சேர்ந்தால் நடத்தித் தருவதாகச் சொன்னார்கள். தெற்கையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் இரயிலில் கூட்டிச் செல்வதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு உணவுத் தொகையைக் கழித்துக்கொள்ளவும் கேளுங்கள். சூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தக் கரையின் வெயிலும் கூட்டமும் குன்னூர்க் குளிரில் வாழ்ந்தவர்களுக்குத் தாங்காது. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியில் புறப்படுங்கள். அக்டோபர் பிற்பகுதி வேண்டாம், அப்போது லிகூரியாவில் பெருமழைக் காலம் தொடங்கிவிடும்.